வடமேற்கு மூலைக்கு ஒரு செடி

மட்டாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் தரை இருந்தது. அந்த வட்டாரத்தில் அதுவே பெரிய காரியம். முன்னால் தெரு, பின்னால் பண்டகசாலைச் சுவர், நடுவில் நசுங்கினாற்போல ஒரு வீடு என்றுதான் மற்றவர்களுக்கெல்லாம். எங்களுக்கு சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் ஒரு கிணறு, ஒரு துவைகல், அதைத் தாண்டி வெறும் மண். வடக்கேயும் மேற்கேயும் பண்டகசாலையின் உயரமான சுவர்கள். அந்த இரண்டும் சேருகிற வடமேற்கு மூலையில் வெயில் விழுவதே அபூர்வம். ஆவணி தொடங்கிப் பங்குனி வரைக்கும் எங்கள் வீட்டு நிழலே அதன்மேல் கிடக்கும். சூரியன் வடக்கே ஏறி வருகிற சித்திரையில் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். சரி, இனிமேல் காயும் என்று நினைப்பதற்குள் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்துவிடும். அப்புறம் அந்த மூலையில் கணுக்கால் தண்ணீர்.

இதையெல்லாம் நான் கவனித்து வைத்திருந்தது தோட்ட ஆசையால் அல்ல. எங்கள் குழந்தை அங்கே இருந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். என் மனைவிக்கு ஏழாம் மாதம். வலி வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், ஒரு வண்டியும் வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து மருத்துவச்சியைக் கைபிடித்து நடத்திக் கூட்டி வந்தேன். குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண்ணென்று மருத்துவச்சி சொன்னாள். எங்கள் ஆட்களின் சுடுகாடு தூரம். சின்னதை எரிக்கவும் கூடாது. என் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அந்த மூலை மட்டும் அப்போது கொஞ்சம் மேடாக, தண்ணீருக்கு வெளியே இருந்தது; மண் இறங்கித் தாழ்ந்து தண்ணீர் நிற்க ஆரம்பித்தது பிறகுதான். ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்து, எங்கள் வழக்கப்படி மேலே உப்புப் போட்டு மூடினார். வீட்டு முதலாளியிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து தள்ளியிருந்த ஒரு சுக்குப் பண்டகசாலையில் வேலைக்குப் போனவன் நான். மூட்டை அடுக்கின் கீழே நிற்கும்போது அது சரியும் என்று பயம். வெளியே வந்தால் பூட்டினேனா இல்லையா என்று பயம். பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். அந்த மழைக்குப் பிறகு இந்தப் பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மனைவிமேல் போய் நின்றது. அவள் சாப்பிடமாட்டாள். ஒரு கவளம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கை கழுவுவாள். சமையல்கட்டு வாசலில் நின்று அந்த மூலையையே பார்ப்பாள். அவள் திண்டுக்கல் பக்கம். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சேச்சியின் கோழி சுவர் தாண்டி வந்து அங்கே கிளறியது. என் மனைவி ஓடிப்போய் விரட்டினாள். கல்லை எடுத்து எறிந்தாள். கோழி போன பிறகும் எறிந்துகொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"ஏதாவது செடி வெச்சிருங்க அங்க," என்றாள். "வெறும் தரையா விடாதீங்க. ஒண்ணே ஒண்ணு பிடிச்சு நின்னுட்டாக்கூட எனக்குப் போதும்."

செடி பிடித்துவிட்டால் இவள் சாப்பிடுவாள். நானாகப் போட்டுக்கொண்ட முடிச்சு இது. போட்ட பிறகு அவிழ்க்க முடியவில்லை.

மாமியார் ஆடிக்கு வந்தபோது ஊரிலிருந்து மல்லிகைப் பதியன் ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர்கள் ஊரில் ஆடியில்தான் எதையும் நடுவது. எங்கள் வீட்டிலும் தமிழ் நாள்காட்டிதான் தொங்கும். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டோம், ஆனால் பண்டிகையும் விரதமும் கல்யாணமும் எல்லாம் அதைப் பார்த்துத்தான். செடி நட்டவர் மட்டும் எங்கள் வீட்டில் யாருமில்லை. அதனால் ஆடி என்று மாமியார் சொன்னதும், நாள்காட்டியிலும் ஆடி என்றுதானே இருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது.

"ஆடி பதினெட்டுல நடுவோம் மாப்பிள்ளை. நீங்க கவலைப்படாதீங்க. மல்லி நம்ம ஊர் மண்ணோட வந்திருக்கு."

நட்ட அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் குடை பிடிக்க, நான் மண் வெட்ட, மனைவி பதியனைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். சேச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இந்த மழையிலயோ நடுறது? மோளே, இது கர்க்கடகமாணு. கர்க்கடகத்தில் மனுஷன் தின்னதே செரிக்காது. பின்னே செடிக்கு எங்ஙன?"

"எங்களுக்கு இது ஆடிம்மா," என்றார் மாமியார்.

"ஆயிக்கோட்டே. ஆனா மழைக்கு உங்க கலண்டர் வாசிக்கத் தெரியாதல்லோ."

மாமியாரே சிரித்துவிட்டார். என் மனைவியும் சிரித்தாள். அந்த மழைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்த மல்லி வேர் பிடித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

திண்டுக்கல்லில் ஆடி என்றால் காற்று. லேசாக ஒரு தூறல், மறுநாள் வெயில். மல்லிக்கு அந்த வெயில் வேண்டும், காலுக்கடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. எங்கள் மூலையில் இரண்டும் தலைகீழ். இலை முதலில் மஞ்சளாகி, அப்புறம் நுனி கறுத்து, ஒவ்வொன்றாகக் கொட்டியது. தண்டைத் தொட்டுப் பார்த்தேன், அடியில் கொழகொழவென்று இருந்தது. பிடுங்கிப் போடப் போனபோது மனைவி விடவில்லை. "அங்கேர்ந்து எதையும் பிடுங்காதீங்க," என்றாள். குச்சி அப்படியே நின்றது. மாமியார் ஊருக்குப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற ஏதாவது வைங்க மாப்பிள்ளை. சீக்கிரம் வைங்க," என்றார். அவருக்கும் பயம் வந்திருந்தது.

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை முடிந்து மண் இறுகிய பிறகு கனகாம்பரம் வைத்தோம். நிழல் தாங்கும் என்று சொன்னார்கள். தாங்கவும் செய்தது. தை மாதம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்துப் பூத்தது. அவள் அதைப் பறித்துத் தலையில் வைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மாசி பிறந்ததும் கிணற்றுத் தண்ணீர் வழக்கம்போல உப்பாகிவிட்டது. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. இலைகளின் ஓரம் தீயில் காட்டினாற்போலச் சுருண்டது. குழாய்த் தண்ணீர்தான் ஊற்றவேண்டும். தெருக் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம், வரிசையோ முனைவரை. எங்கள் குடம் நிறைவதற்குள் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். செடிக்கும் சேர்த்துத்தான் பிடிக்கிறாள் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது.

"கனகாம்பரத்துக்குக் குடிவெள்ளமா? அப்போ ஒரு சாயாவும் போட்டுக் கொடுக்கணும்," என்றாள் வரிசையில் ஒருத்தி.

"கடிக்க ஏதாவதும் வேண்டிவரும். பழம்பொரி சூடா இருக்கு, வாங்கிட்டுப் போ மோளே."

வரிசை முழுக்கச் சிரித்தது. பொல்லாதவர்கள் அல்ல. வெயிலில் நின்றவர்களின் பேச்சு அது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு தன் குடிநீரிலிருந்து ஒரு செம்பு எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. நான் சத்தம் போட்டேன். அவள் கேட்கவில்லை. பங்குனி முடிவதற்குள் கனகாம்பரமும் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு இன்னொரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. அப்பா போட்ட உப்பு. கிணற்றுத் தண்ணீரல்ல, அந்த உப்புதான் வேரைத் தின்கிறதோ? ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் நின்ற இடத்தில் இரண்டு பிடி உப்பு மிச்சமிருக்குமா என்று இப்போது யோசித்தால் புரிகிறது. அப்போது புரியவில்லை. வழக்கம் என்று செய்த ஒன்று எங்களுக்கு எதிராக நின்றுகொண்டிருக்கிறது என்றே நம்பினேன். யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். பண்டகசாலையில் சாக்கு தைத்துக்கொண்டே அதையே நினைத்து ஊசியால் விரலைக் குத்திக்கொள்வேன்.

அடுத்த மழை தொடங்கும்போது சேச்சி ஒரு சேம்புக் கிழங்கைக் கொண்டுவந்தாள். நல்ல மனதோடுதான்.

"எந்தினா மோளே பூச்செடிக்குப் பின்னால இங்ஙனே அலையறது? அந்த மூலைக்குச் சேம்புதான் சரி. நிழலும் ஈரமும் அதுக்கு இஷ்டம். ஒரு வருஷம் கழிஞ்சால் தோண்டிக் கறி வெக்கலாம்."

என் மனைவி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அதுக்கு மேல வெளஞ்சதத் தோண்டி என்னைத் திங்கச் சொல்றீங்களா சேச்சி?"

சேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் அவள் அந்த மூலையைப் பார்த்தாள், போன வருஷத்து மழையை நினைத்திருப்பாள், என் மனைவியின் வயிற்றைப் பார்த்தாள். கிழங்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலமே சுவருக்கு மேலே பழைய மீன்வலை கட்டினாள். அதற்குப் பிறகு கோழி வரவில்லை. குழாயடியில் யாராவது பேச்செடுத்தால், "நிர்த்து. அவள் எடுக்கட்டே," என்று சேச்சிதான் முதலில் சொல்வாள். விஷயத்தை யாரிடமும் சொல்லவுமில்லை.

நான் செடி தேடி அலைந்தேன். இடப்பள்ளி பக்கம் சாலையோரம் செடி விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை வழி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நிழலில் இருக்கணும். மழையில் அழுகக் கூடாது. கோடையில் உப்புத் தண்ணீர் தாங்கணும். பூக்கணும். ஒரு பருவத்தோடு போகிற செடியாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அங்ஙனே ஒரெண்ணம் கிட்டியால் எனிக்கும் தரணும், கேட்டோ."

பிறகு ஏதோ பாவம் பார்த்தவர்போல காசித்தும்பை விதை கொஞ்சம் மடித்துக் கொடுத்தார். மழையில் நன்றாக வரும், நிழலிலும் பூக்கும், மழை போனால் தானும் போய்விடும் என்றார். வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். மழை போனால் போய்விடும். அதை அவள் முன்னால் எப்படி விதைப்பது? படகுத்துறையில் இறங்கியதும் பொட்டலத்தைக் காயலில் போட்டுவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது நான் தினமும் தாண்டிப் போன இடத்தில். நான் வேலை செய்த பண்டகசாலைக்குப் பின்னால், வேலைக்காரர்கள் கை கால் கழுவுகிற சாக்கடையோரம், சுவர் நிழலில் ஒரு நந்தியாவட்டை நின்றது. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் விடுவதுமில்லை. மழையில் பாதி மூழ்கும். கோடையில் உப்புத் தண்ணீர்தான் அதற்கும். வெள்ளைப் பூவாக நிறைந்து நிற்கும். எத்தனையோ தடவை அதன் அடியில் முகம் கழுவியிருக்கிறேன். அன்று நின்று பார்த்தேன். என் மனப்பாடத்தில் இருந்த எல்லாவற்றையும் அது வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது.

ஒரு கிளையை ஒடித்து வந்தேன். இந்தத் தடவை நாள்காட்டியைப் பார்க்கவில்லை. உடைந்த ஓடுகளைப் பரப்பி, அதன்மேல் மண்ணைக் கூட்டி மேடாக்கி, மழை நின்ற ஓர் இடைவெளியில் நட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அதுல வாசமே இருக்காதே," என்றாள்.

"இருக்காது. செத்தும் போகாது."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் எனக்குத் திக்கென்றது. அவள் பக்கத்தில் வந்து மண்ணை இறுக்கி அழுத்தினாள்.

அது பிடித்தது. அந்த வருஷம் இலை விட்டது, அடுத்த வருஷம் பூத்தது. பிறகு நிற்கவேயில்லை. பூவை அவள் பறிக்கமாட்டாள், சாமிக்கும் வைக்கமாட்டாள். தானாக விழும். மழைக்காலத்தில் அந்த மூலையில் நிற்கிற தண்ணீர்மேல் வெள்ளையாக மிதக்கும். அவள் சாப்பிட்டாள். சேச்சியோடு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டையும் சிரிப்புமாக இருந்தாள். மலையாளம் பேசக் கற்றுக்கொண்டாள். வேறு குழந்தை எங்களுக்குப் பிறக்கவில்லை. அப்பா காலமானார். செடி என் தலைக்கு மேலே வளர்ந்தது.

எண்பதுகளின் நடுவில் வீட்டு முதலாளி அந்த வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் பின்னால் இருந்த பண்டகசாலையின் சொந்தக்காரர். வீட்டை இடித்து, கிணற்றையும் மூடி, முழுவதையும் பண்டகசாலையோடு சேர்க்கப் போகிறாராம். எங்களுக்குத் தோப்பும்படியில் ஒரு மாடி வீடு கிடைத்தது. அது பெரிய விஷயமில்லை.

"அந்த மூலைய மட்டும் விடச் சொல்லுங்க. கையளவு இடம்," என்றாள் அவள்.

எப்படிக் கேட்பது? உண்மையைச் சொன்னால் தோண்டிப் பார்ப்பார்கள், போலீஸ் வரும், ஏன் சொல்லவில்லை என்பார்கள். எனக்குள் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. கடைசியில் போய் நின்று, பின்னால் ஒரு செடி இருக்கிறது, அதை வெட்டாமல் விட முடியுமா என்று மட்டும் கேட்டேன். மனிதர் தங்கமானவர். மேசைமேல் கை வைத்துச் சிரித்தார்.

"செடியல்லே? அதினெந்தா. நம்ம ஆளை விட்டு வேரோட, மண்ணோட தோண்டி எடுத்துத் தரலாம். புது வீட்டில் கொண்டுபோய் வெச்சோ."

வேண்டாம் என்றேன். சாதாரணச் செடிதான், எங்கேயும் கிடைக்கும் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். மறுநாள் அளவெடுக்க ஒரு கொத்தனார் வந்தார், தேனிக்காரர். அவள் காப்பி கொடுத்துவிட்டுத் தன் ஊர்ப் பேச்சில் கேட்டாள்:

"தர போடுறதுக்கு ஆழமாத் தோண்டுவீங்களாண்ணே?"

"தோண்ட மாட்டோம்க்கா. இங்க தோண்டுனா தண்ணிதான வருது. மண்ணடிச்சு மேடாக்கி, கல்லு பரப்பி, மேல சிமெண்ட்டு. அந்தா நிக்குது பாருங்க, அந்த மாதிரி மரஞ்செடி இருந்தா மட்டும் வேரோட எடுத்துருவோம். இல்லாட்டித் தரையப் பொளந்துக்கிட்டு வந்துரும்."

"செடி இல்லேன்னா அந்த எடத்தத் தொட மாட்டீங்க."

"எதுக்குக்கா தொடணும்?"

காலி செய்கிற நாள். சாமான் ஏற்றின கைவண்டி தெருவில் நின்றது. அவள் அரிவாளை வைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் ஒரு கிளையாவது எடுத்துக்கொள்வோம் என்றேன். "வேண்டாங்க," என்றாள். நான் வெட்டுகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள். கிளைகளைக் கழித்து, தண்டைத் தரையோடு தரையாக வெட்டினாள். வெட்டின இடத்திலெல்லாம் பால் வந்தது. கையெல்லாம் பிசுபிசுத்தது. சேச்சி மறுபக்கத்திலிருந்து வலையை ஒதுக்கிப் பார்த்தாள். கிளைகளை அந்தப் பக்கமாக வாங்கி வைத்துக்கொண்டாள். என் மனைவி வெட்டுவாயின்மேல் மண்ணைப் போட்டு மூடி, மிதிக்காமல் கையாலேயே தட்டிச் சமமாக்கி, விளக்குமாற்றால் பெருக்கினாள். அங்கே ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல ஆகிவிட்டது.

வேலை தொடங்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. நந்தியாவட்டை எளிதில் சாகாது, நானே சொன்ன வார்த்தை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் சேச்சி வீட்டு வழியாகப் போய்ச் சுவர்மேல் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் பெருக்கின மண்ணுக்கு நடுவே பச்சையாக இரண்டு துளிர். சுவர் ஏறி இறங்கினேன். கீழே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. பிறகு கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வாரமும் ஒன்று வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் லாரியில் மண் வந்து இறங்கியது.

கொத்தனார் சொன்ன மாதிரியே செய்தார்கள். தோண்டவில்லை. மண்ணடித்தார்கள், கல் பரப்பினார்கள், மேலே பூசினார்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லி நான் போய் நின்று பார்த்தேன். கூரை போட்டுச் சரக்கு இறக்கின அன்று வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் தொடவில்லை என்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்த மூலையில என்ன அடுக்கியிருக்காங்க?"

"சுக்கு."

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் விட்டு அரிசியைக் கையால் அலசினாள்.

"சுக்குன்னா ஈரம் படாமப் பாத்துக்குவாங்கல்ல?"

"பாத்துக்குவாங்க," என்றேன். "ஒரு சொட்டு இறங்க விட மாட்டாங்க."